பெரியவளுக்கு ஒரு சட்டை

பள்ளிக்கூட வாசலில் டீச்சர் கையசைத்துக் கூப்பிட்டதும் சின்னவள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். மகள் யாரையாவது கடித்து வைத்திருப்பாள் என்றுதான் முதலில் தோன்றியது. போன வருடம் அப்படி ஒன்று நடந்திருக்கிறது. கடிபட்ட பையனின் அம்மா இதே வாசலில் நின்று பேசிய பேச்சு இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

ஆனால் டீச்சர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"வர்ற வாரம் பிள்ளைங்கள மியூசியம் கூட்டிட்டுப் போறோம்மா. கூட வர்றதுக்குப் பெத்தவங்க ரெண்டு மூணு பேர் வேணும். நீங்க வாங்களேன்."

"நானா டீச்சர்? எனக்கு அங்க இருக்கிறது ஒண்ணும் தெரியாதே."

"தெரிஞ்சிருக்க வேண்டாம். வரிசையில நிக்க வைக்கணும், பாத்ரூம் கூட்டிட்டுப் போகணும், அவ்வளவுதான். எப்பப் பாத்தாலும் அதே அம்மாக்கள்தான் வர்றாங்க. இந்தத் தடவை எல்லாரும் கலந்துக்கணும்னு நான் பிடிவாதமா இருக்கேன்."

'எல்லாரும்' என்பதை டீச்சர் கொஞ்சம் அழுத்திச் சொன்னார். தானும் ஒரு ஆளாக எண்ணப்பட்டதில் சின்னவளுக்கு மனசு குளிர்ந்து போயிற்று. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

அவளுக்கு வேலை பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். ஈரமான படுக்கை விரிப்புகளை இயந்திரத்திலிருந்து இழுத்து, உதறி, சூடான உருளைக்குள் கொடுத்துச் சுருக்கம் எடுக்கிற வேலை. சம்பளப் பதிவில் அவளுக்கு ஒழுங்கான பெயர் ஒன்று உண்டு என்றாலும் வீட்டிலும் சலவைக்கூடத்திலும் அவள் சின்னவள்தான். அக்கா தங்கை இருவரில் இளையவள். பெரியவள் கண்மூடி எத்தனையோ காலமாகியும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அப்படியானால் பெரியவள் யார் என்று இந்த ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவள் மழுப்பித்தான் இருப்பாள்.

காரணம் இருந்தது. அவளும் அவள் புருஷனும் கழிமுகத்துச் சதுப்பில் பிறந்தவர்கள். துறைமுகத்தைப் பெரிதாக்குகிறோம் என்று சொல்லி அங்கிருந்த குடும்பங்களையெல்லாம் ஒரே நாளில் லாரிகளில் ஏற்றி நகரத்தின் ஓரத்தில் இறக்கிவிட்டார்கள். நகரத்துக்காரர்கள் அவர்களுக்கு வைத்த பெயர் 'சேத்துக்காரங்க'. அந்தப் பெயர் தெரிந்தால் வாடகைக்கு வீடு கிடைக்காது. கடைக்காரன் மீதிச் சில்லறையைக் கையில் தராமல் மேஜையில் வைப்பான். முடிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து, ஊரைக் கேட்டால் வேறு ஏதாவது சொல்லிப் பிழைத்தார்கள். இவர்களும் அப்படித்தான்.

மகளுக்குக்கூடச் சொல்லவில்லை. ஆள் சிறுத்து, நிறம் கறுத்து, வாய் காரமாக இருந்ததால் அவளுக்கு மிளகு என்று பெயர். மிளகு ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்து, "மழையில ஒருத்தன் விழுந்து எழுந்தாம்மா, அசல் சேத்துக்காரன் மாதிரியே இருந்தான்" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். சின்னவளும் சேர்ந்து சிரித்து வைத்தாள். புருஷன் மட்டும் சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான்.

"சொல்லிடலாம்ங்க" என்றாள் அவள், பிறகு.

"படிச்சு ஒரு நெலைக்கு வரட்டும். அப்பறம் அவளுக்கே தைரியம் வந்துரும்" என்றான் அவன். பஸ் டிப்போ மெக்கானிக். எஞ்சின் தவிர மற்ற எதுவும் தள்ளிப்போட்டால் தானே சரியாகிவிடும் என்பது அவன் நம்பிக்கை.

மியூசியம் போகும் நாளில் மிளகுக்குக் கால் தரையில் பாவவில்லை. அம்மா கூட வருகிறாள், அதுவும் டீச்சர் கூப்பிட்டு வருகிறாள் என்பதை வகுப்பு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். சின்னவள் இருப்பதில் நல்ல உடுப்பாக எடுத்து, சலவைக்கூடத்து உருளையிலேயே கொடுத்து மடிப்புக் கலையாமல் உடுத்தியிருந்தாள். பஸ்ஸில் மற்ற அம்மாக்கள் நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தார்கள். ஒருத்தி, "உங்க பொண்ணு செம வாயாடிங்க" என்றாள். அதைக்கூடப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

மியூசியத்தில் கழுத்தில் அட்டை மாட்டிய இளம்பெண் ஒருத்தி வந்து எல்லோரையும் வரவேற்றாள். பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றிக் காட்டுவதுதான் அவள் வேலை. பிள்ளைகள் அவளுக்கு உடனே 'மியூசியம் மேடம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "இது உங்க எல்லாருக்கும் சொந்தமான இடம்" என்று மேடம் சொன்னதும் ஒரு பையன், "அப்ப நான் அந்தக் கரடிய எடுத்துக்கறேன்" என்றான். அம்மாக்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பஞ்சடைத்த அந்தக் கரடிக்கு ஒரு கண் இல்லை. பிறகு நாணயங்கள், துருப்பிடித்த பீரங்கி, ராஜா ராணி உட்கார்ந்த நாற்காலிகள் என்று ஒவ்வொரு அறையாகப் போனார்கள். சின்னவள் பிள்ளைகளைத் தலை எண்ணிக்கொண்டு வந்தாள். ஒருத்தனை பாத்ரூமுக்குக் கூட்டிப்போய் வந்தாள். எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

கடைசியாக இருந்தது பின்பக்கத்துக் கூடம். வெளிச்சம் குறைவு. சுவரோரம் வரிசையாக ஆள் உயரக் கண்ணாடிப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பொம்மை மனுஷன். மலைக்காரன், ஆடு மேய்ப்பவன், உப்பு வாருபவன். பிள்ளைகள் முன்னால் ஓடிவிட்டார்கள். சின்னவள் பின்னால் தங்கிய ஒரு பெண்ணுக்கு ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"டேய், இங்க வாங்கடா. மிளகு நிக்கிறாடா."

அதைத் தொடர்ந்து ஒரே சிரிப்பு. பத்து வாய்கள் சேர்ந்து சிரிக்கும் சிரிப்பு.

சின்னவள் நிமிர்ந்து போய்ப் பார்த்தாள். மூலைப் பெட்டிக்குள், வர்ணம் அடித்த சேற்றில் கணுக்கால் புதைய ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கையில் நண்டுக்கூடை. இடுப்பில் ஏதோ இலைகள். அதற்கு மேலே ஒன்றுமே இல்லை. பிள்ளைகள் விரலால் சுட்டிச் சுட்டிக் காட்டியது அந்த வெறும் மார்பைத்தான். ஆனால் சின்னவள் பார்த்தது முகத்தை. அகலமான நெற்றி, மேலே ஏறிய கன்னம், சிரிப்பை அடக்குகிற மாதிரி உள்ளே இழுத்துக்கொண்ட கீழுதடு. மிளகின் முகம். மிளகுக்கு முன்பே அதை வைத்திருந்தவளின் முகம்.

"அக்கா" என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள்.

சொன்னதே அவளுக்குத் தெரியாது. உள்ளங்கை இரண்டையும் கண்ணாடியில் பதித்துக்கொண்டு நின்றாள். பெரியவள் போன நாளிலிருந்து இத்தனை வருடமாக அந்த முகத்தை நினைவில் கொண்டுவர அவள் படாத பாடு பட்டிருக்கிறாள். குரல் வரும், நடை வரும், முகம் மட்டும் நழுவிவிடும். ஒரு போட்டோகூடக் கிடையாது. இப்போது ஒரு முழம் தூரத்தில் நிற்கிறாள், மூக்கோரத்து மச்சம் வரைக்கும் அப்படியே.

"கண்ணாடியத் தொடாதீங்கம்மா" என்றான் காவலாளி.

"இது எங்க அக்காங்க" என்றாள் சின்னவள்.

சிரிப்பு நின்றுபோயிற்று. டீச்சர் திரும்பிப் பார்த்தார். மற்ற அம்மாக்கள் பார்த்தார்கள். பெட்டியின் கீழே எழுதியிருந்ததை ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தது: "சதுப்புநிலக் குடிப் பெண்." பிறகு அதே பிள்ளை, யாருக்கோ விடை கண்டுபிடித்துக் கொடுக்கிற மாதிரி, "அப்படின்னா சேத்துக்காரங்க" என்றது.

மிளகு அம்மாவைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் சின்னவளின் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. மிளகு முன்னால், டிரைவருக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஒரு சின்னப் பெண் எட்டிப் பார்த்து, "உங்க பெரியம்மாவுக்குப் போட்டுக்கத் துணியே இல்லையா?" என்று கேட்டது. கேலியில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டது. மிளகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மிளகு கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"நாம அவங்களா?"

"ஆமாண்டி" என்றாள் சின்னவள்.

"அப்ப நான் அன்னிக்குச் சிரிச்சப்ப நீயும் ஏன் சிரிச்ச?"

மிளகு புத்தகப்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் படுத்துவிட்டாள்.

சாயங்காலம் புருஷன் வந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவனுக்கு முதலில் நம்பிக்கையே வரவில்லை.

"பொம்மைன்னா ஏதோ ஒரு ஜாடை இருக்கும். அதுக்காக?"

"ஜாடை இல்லங்க, அவளேதான். அவ மூஞ்சியில மாவு பூசி அச்சு எடுத்தாங்க. நான் பக்கத்துல நின்னேன்."

அவளுக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. அவளுக்கு அப்போது மிளகின் வயதுகூட இல்லை. படகில் சிலபேர் வெள்ளை மாவு மூட்டைகளோடு வந்து இறங்கினார்கள். முகத்தை மட்டும் அச்செடுத்துக்கொள்கிறோம், பதிலுக்கு பிஸ்கட் டின் தருகிறோம் என்றார்கள். மற்றவர்கள் எல்லாம் ஒதுங்கியபோது, "நான் வர்றேன்" என்று போய்ப் படுத்தவள் பெரியவள். பிஸ்கட்டுக்கு ஆசைப்பட்டது தங்கை, படுத்தது அக்கா. மூக்கில் குழலைச் செருகி, முகம் முழுக்க மாவை அப்பினார்கள். அக்காவைப் புதைக்கிறார்கள் என்று சின்னவள் வீறிட்டு அழுதாள். உடனே பெரியவள் கையை நீட்டி அவள் காலைக் கிள்ளினாள். உள்ளுக்குள் சிரிக்கிறாள் என்று அதிலேயே தெரிந்தது. அந்தச் சிரிப்பைத்தான் அடக்கிக்கொண்டு படுத்திருந்தாள். அது அப்படியே அச்சில் விழுந்துவிட்டது.

"மூஞ்சி அவளோடது. உடம்பு அவளோடது இல்ல. அங்க இருந்த கொசுவுக்கு எவளாவது மேல துணியில்லாம நின்னிருப்பாளா? கழுத்து வரைக்கும் பித்தான் போட்ட முழுக்கைச் சட்டைதானேங்க எல்லாரும் போட்டிருந்தோம்? இவங்களா ஒரு உடம்பு பண்ணி, அதுக்கு மேல எங்க அக்கா தலைய வச்சிருக்காங்க."

லாரியில் வந்து இறங்கிய முதல் மழைக்காலத்திலேயே பெரியவள் காய்ச்சலில் போய்விட்டாள். தண்ணீர் தேங்கிய தகரக் கொட்டகையில், ஆஸ்பத்திரிக்கு எந்தப் பக்கம் போவது என்றுகூட யாருக்கும் தெரியாத நேரம்.

"நீங்களும் ஒரு தடவை வந்து பாருங்க" என்றாள்.

"அந்த மாதிரி நிக்கறவங்களை நான் எப்படி வந்து பாக்கறது? துணி போட்டதும் சொல்லு, வர்றேன்" என்றான்.

பள்ளியில் அடுத்த நாளே ஆரம்பித்துவிட்டது. மிளகின் சாப்பாட்டுப் பெட்டிக்குள் யாரோ சேற்றை அள்ளிப் போட்டிருந்தார்கள். அவள் பக்கத்தில் உட்காரும் பெண் பெஞ்சின் மறு ஓரத்துக்கு நகர்ந்துவிட்டாள். டீச்சருக்கு விஷயம் காதில் விழுந்ததும் உண்மையாகவே துடித்துப் போனார். துடித்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எல்லா மக்களும் சமம் என்று ஒரு பாடம் நடத்தி, முடிவில் மிளகை எழுப்பி வகுப்பின் முன்னால் நிறுத்தினார்.

"உங்க ஆளுங்களைப் பத்தி நாலு வார்த்தை சொல்லும்மா. நாங்க எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னு ஆசைப்படறோம்."

மிளகுக்கு என்ன தெரியும்? அவளுக்கே முந்தாநாள்தான் செய்தி. வாய் ஓயாத பெண், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள நின்றாள். பின் வரிசையில் ஒருத்தன், "குளிருக்கு என்ன பண்ணுவாங்க டீச்சர்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. டீச்சர் அவனை அதட்டினார். அதட்டியதும் சிரிப்பு இன்னும் கூடியது.

மறுநாள் காலை மிளகு எழுந்திருக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கெஞ்சியும் ஆகவில்லை, அதட்டியும் ஆகவில்லை. சின்னவள் கன்னத்தைத் தொட்டபோது தட்டிவிட்டாள்.

"என்னை அப்படிப் பாக்காத."

"எப்படிடி பாத்தேன்?"

"அந்தப் பொம்மையப் பாத்த மாதிரி."

அன்றைக்கே சின்னவள் மியூசியத்துக்குப் போனாள். மியூசியம் மேடம் அடையாளம் கண்டுகொண்டு, தன் அறைக்குக் கூட்டிப்போய் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். அவள் கெட்டவள் இல்லை.

"நீங்க அன்னிக்குச் சொன்னதை நான் மேல சொல்லிட்டேன். எங்களுக்கே பெரிய ஆச்சரியம். அந்த உருவம் யாரோடதுன்னு எங்ககிட்ட எந்தக் குறிப்பும் இல்ல. உங்க அக்கா பேரு என்ன?"

"பேரு எதுக்குங்க? அவளுக்குத் துணி போட்டுவிடுங்க. அவ்வளவுதான் கேக்க வந்தேன்."

"புரியுது. ஆனா காட்சியில இருக்கிற பொருளை நாங்களா மாத்த முடியாது. குழு கூடி முடிவு பண்ணணும்."

"பொருள் இல்லங்க. அக்கா."

"ஆமா, சாரி. அக்கா" என்று மேடம் உடனே திருத்திக்கொண்டாள்.

குழு கூடும்வரை சின்னவள் சும்மா இருக்கவில்லை. விடுமுறை கிடைத்த நாளெல்லாம் மியூசியத்துக்குப் போனாள். காவலாளி பழகிவிட்டான், அவள் வந்தால் ஒரு முக்காலியை எடுத்துப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் நகர்ந்துகொள்வான். பள்ளிக்கூடக் கூட்டம் வராத நேரமாகப் பார்த்துப் போய், பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கழுத்துக்கு மேலே மட்டும் பார்ப்பாள். பேசுவாள். சலவைக்கூடத்து மேஸ்திரி திட்டியது, மிளகு பள்ளிக்குப் போக மாட்டேன் என்பது, புருஷனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அந்தக் கூடத்தை விட்டு வெளியே வரும்போது மனசு கனத்தும் இருக்கும், லேசாகவும் இருக்கும். தன் பெண்ணைப் பள்ளியை விட்டே விரட்டிய அதே பெட்டியைத் தேடித்தான் தன் கால் போகிறது என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. அதை நினைத்தால் வீட்டுக்குள் நுழையவே கூசும்.

இடையில் ஒரு சட்டை தைத்தாள். ஆஸ்பத்திரியில் கிழிந்த விரிப்புகளைத் தைக்கிற அக்காவிடம் மிஷினைக் கேட்டு வாங்கி, கண்ணளவில் அளவெடுத்து, கழுத்து வரை பித்தான் வைத்த முழுக்கைச் சட்டை. நீலத் துணி. பெரியவள் கடைசியாகப் போட்டிருந்தது என்ன நிறம் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. நீலம் அவளுக்குப் பிடிக்கும் என்பது மட்டும் தெரியும்.

தையல் அக்கா சட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "யாருக்குடி இது? உனக்குத் தோள் பத்தாதே."

"எங்க அக்காவுக்கு."

"உனக்கு அக்கா இருக்கா? சொன்னதே இல்லையே."

"இருக்கா" என்றாள் சின்னவள்.

மியூசியம் மேடம் அந்தச் சட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. குழுவுக்கு முன்னால் வைக்கிறேன், கட்டாயம் நல்லது நடக்கும் என்றாள்.

அதற்குப் பிறகு சலவைக்கூடத்தில் இரண்டு பேர் சேர்ந்தாற்போல வேலையை விட்டு நின்றுவிட, சின்னவளுக்குச் சில வாரங்கள் விடுமுறையே கிடைக்கவில்லை. கிடைத்த அன்று நேராக மியூசியத்துக்குத்தான் போனாள். காவலாளி அவளைக் கண்டதும் முக்காலியை எடுக்கவில்லை. குனிந்து எதையோ தேடுவது போல இருந்தான்.

மூலைப் பெட்டியில் பெரியவள் இல்லை. சேறு இல்லை, கூடை இல்லை. உள்ளே வெள்ளைத் துணி விரித்து, மேலே ஒரு விளக்கைப் போட்டு, கம்பியில் நீலச் சட்டை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். அவள் தைத்த சட்டை. பித்தான்கள் எல்லாம் போட்டு, இரண்டு கைகளையும் விரித்து வைத்திருந்தார்கள். கீழே புதிதாக எழுதியிருந்தது: "சதுப்புநிலக் குடிப் பெண்களின் மேலாடை."

மேடம் செய்தி கேட்டு ஓடிவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களா? உங்க பேச்சைக் கேட்டுட்டாங்க. அந்த உருவத்தை எடுத்தாச்சு. இனிமே எந்தப் பிள்ளையும் அதைப் பாத்துச் சிரிக்காது."

"எங்க அக்கா எங்கங்க?"

"பத்திரமா கிடங்குல வச்சிருக்கோம்."

"நான் பாக்கணும்."

மேடம் தயங்கினாள். யாரிடமோ போனில் பேசினாள். பிறகு அவளை மாடிப்படிக்குக் கீழே இருந்த இரும்புக் கதவு வழியாகக் கூட்டிப்போனாள். நீளமான அறை. கூரை வரைக்கும் அடுக்குகள், மூக்கைத் துளைக்கும் மருந்து நெடி. ஒற்றைக்கண் கரடியும் அங்கேதான் படுத்திருந்தது. நடு அடுக்கில் பிளாஸ்டிக் சுற்றிய சில துண்டுகள் தனித்தனியாகக் கிடந்தன. ஒரு கை. பாதி முதுகு. ஒரு மரப்பெட்டி.

"ரொம்பப் பழசுங்க. அடியில சிமெண்ட் போட்டுப் பிடிச்சிருந்தாங்க. எடுக்கும்போது கொஞ்சம் உடைஞ்சிருச்சு. தலைக்கு ஒண்ணும் ஆகல" என்றாள் மேடம்.

மரப்பெட்டியைத் திறந்து காட்டினாள். பஞ்சுக்கு நடுவில், பனி பிடித்தது போலிருந்த பிளாஸ்டிக்குக்குள் ஒரு முகம் இருப்பது தெரிந்தது. யார் முகம் என்று சொல்ல முடியாது. சின்னவள் அதைப் பிரிக்கக் கையை நீட்டினாள். மேடம் மெதுவாக அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பிரிக்கக் கூடாதுங்க. காத்துப் பட்டா உதிரும்."

"அந்தத் தலைய மட்டும் குடுத்துருங்க. நான் கொண்டுபோய்ப் புதைச்சுக்கறேன்."

"அது மியூசியத்தோட சொத்துங்க. என்னால முடியாது."

"ஒரு போட்டோவாவது எடுத்துக் குடுங்க. எங்ககிட்ட அவ படம் ஒண்ணுகூட இல்ல."

மேடத்தின் முகம் வாடிவிட்டது. "அதுவும் முடியாதுங்க. இந்த மாதிரி உருவங்களை இனிமே யாரும் படம் எடுக்கக் கூடாதுன்னு இப்பதான் முடிவு பண்ணாங்க. உங்க மக்களுக்கு மரியாதை குடுக்கணும்கிறதுக்காக."

இந்தப் பெண்ணைத் திட்டலாம். கத்தலாம். கத்தினால் காவலாளி வருவான், அவனிடம்தான் இவளை வெளியே கொண்டுபோகச் சொல்வார்கள். பாவம், முக்காலி போட்டவன்.

"அப்ப சட்டையவாவது குடுங்க" என்றாள்.

"அதை நீங்க நன்கொடையாக் குடுத்ததா எண்ணி..." மேடம் முடிக்கவில்லை. பிறகு வேறு எதையோ பிடித்துக்கொண்டு பேசினாள். "நீங்க மாசத்துக்கு ஒரு தடவை வந்து, இங்க வர்ற பள்ளிப் பிள்ளைங்ககிட்ட உங்க வாழ்க்கையைப் பத்திப் பேசலாமே? எல்லாரும் ரொம்ப விரும்பறாங்க. அந்தப் பெட்டிக்குப் பக்கத்துலயே ஒரு நாற்காலி போட்டுடலாம்."

"நானும் அங்க உக்காரணுமா?" என்று கேட்டாள் சின்னவள். மேடம் பதில் தேடுவதற்குள் படியேறி வெளியே வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து புருஷனிடம், "எடுத்துட்டாங்க" என்றாள். அவன், "நல்லதாப் போச்சு" என்றான். அவள் முகத்தைப் பார்த்த பிறகு, சொன்னதை எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியாமல் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அவள் துவைத்த துணியை மடிக்க ஆரம்பித்தாள்.

அவன் டிப்போவில் நாலு பேரைப் பிடித்து, நகரத்தின் மறு கோடியில் ஒரு பள்ளியில் மிளகுக்கு இடம் வாங்கினான். பஸ் மாறிப் போக வேண்டும். அங்கே ஒருவருக்கும் இவர்களைத் தெரியாது. போகிறாயா என்று கேட்டதற்கு மிளகு, "போறேன். அம்மா வாசல் வரைக்கும் வரக் கூடாது. முன்னாடி ஸ்டாப்லயே நின்னுக்கணும்" என்றாள். அவன் கையை ஓங்கிவிட்டான். சின்னவள்தான் குறுக்கே வந்து, "அவ சொல்றபடியே இருக்கட்டும்" என்றாள்.

முதல் நாள் காலை சின்னவள் அடுப்படியில் இருந்தபோது மிளகு கத்தரிக்கோலை எடுத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது பின்னல் இல்லை. தலைமுடியைக் கழுத்தளவுக்கு வெட்டி, முன்பக்கத்தில் நெற்றி முழுக்க மறைய, புருவத்தைத் தொடும்படி இழுத்து விட்டிருந்தாள். கன்னத்தின் இரண்டு பக்கமும் முடி விழுந்து கிடந்தது. மிச்சமிருந்தது கண்ணும் மூக்கும் வாயும்தான்.

"அந்தப் பொம்மை மாதிரி இல்லல்ல இப்ப?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றாள் சின்னவள்.

மகளை முதுகுகாட்டி நிற்கவைத்தாள். பின்பக்கம் ஏற்ற இறக்கமாக இருந்தது. கத்தரிக்கோலை வாங்கி, சீப்பை வைத்துப் பிடித்து, கோணலாக இருந்த இடங்களை ஒரே மட்டமாக வெட்டிவிட்டாள். கழுத்தில் ஒட்டிய முடியை ஊதித் தட்டினாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.